தயிரும் பழமும் போட்ட குளிர்ந்த பாஸ்தா: செய்து பார்த்த குறிப்புகள்

பாஸ்தாவை இனிப்பாக, அதுவும் ஜில்லென்று சாப்பிடலாம் என்று சொன்னால் நம்மவர்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சேமியாவில் பாயசம் வைத்துக் குடிக்கிற நமக்கு முகம் சுளிக்க எந்த நியாயமும் இல்லை. சேமியாவும் மக்கரோனியும் கோதுமை வீட்டு அண்ணன் தம்பிகள்தான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது அப்படியொன்றும் புதிதில்லை. அலுவலகத்தில் பிலிப்பினோ நண்பர்கள் இருந்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு டப்பா தானாக மேசைக்கு வந்துவிடும். வெந்த மக்கரோனி, டின்னில் வரும் பழக்கலவை, கண்டென்ஸ்டு மில்க், கிரீம். சிலர் மயோனைஸும் சீஸ் துண்டுகளும்கூடச் சேர்ப்பார்கள். ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவரவர் வீட்டுச் செய்முறை ஒன்று சொல்வார்கள். அமெரிக்காவில் யூட்டா, ஐடஹோ, கொலராடோ பக்கம் இதற்கு ஒரு பங்காளி உண்டு. பெயர் ‘தவளைக்கண் சாலட்’. மிளகு அளவே இருக்கும் ‘அச்சினி டி பெப்பே’ என்ற குட்டி பாஸ்தாவை வேகவைத்து, அன்னாசிச் சாறும் முட்டை மஞ்சள் கருவும் போட்டுக் காய்ச்சிய கூழில் ஊறவைத்து, டின் ஆரஞ்சு, டின் அன்னாசி, நுரைத்த கிரீம், மார்ஷ்மெல்லோ எல்லாம் கலந்து வைப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தவளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டுமே எனக்குத் திகட்டுகிற இனிப்பு. தயிரின் புளிப்பு பின்னணியில் இருக்க வேண்டும், பழம் டின்னிலிருந்து வராமல் கத்தியிலிருந்து வர வேண்டும், கிரீம் வேண்டாம். ஜூன் பள்ளி விடுமுறையில் யீஷூன் பேட்டையில் இருக்கிற அத்தை வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் கூடுவார்கள். அதற்கு ஏதாவது குளிர்ச்சியாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தச் சாக்கில் இதைச் சரியாகப் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வடிவம். அச்சினி டி பெப்பே இங்கே பேரங்காடிகளில் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஓர்சோ கிடைக்கும். அரிசியைக் கொஞ்சம் நீட்டி வைத்த மாதிரி இருக்குமே, அதுதான். சிறிய குழாய்த் துண்டாக இருக்கும் டித்தலீனியும் சில கடைகளில் உண்டு. எதுவுமே இல்லையென்றால் வளைந்த மக்கரோனி எங்கும் இருக்கிறது. என் ஓட்டு ஓர்சோவுக்கு. கரண்டியில் எடுத்தால் பழத்துண்டோடு சேர்ந்து ஏறும், வாயில் தனியாக முட்டாது. பட்டாம்பூச்சி வடிவத்தில் வருகிற ஃபார்ஃபாலே படத்துக்கு அழகு. நடுவில் மடிப்பு தடித்து ஓரம் மெலிந்திருப்பதால், ஓரம் குழைகிற நேரத்திலும் நடு வேகாமல் நிற்கும். சூட்டில் சாப்பிடும்போது தெரியாத அந்தக் கடினம் குளிர்ந்தபின் பல்லில் நன்றாகவே தெரியும். ஸ்பாகெட்டி வகையறா இந்த வேலைக்கு ஆகாது.

டப்பாவில் டூரம் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மாவில் செய்த மலிவு மக்கரோனி தயிரில் ஒரு ராத்திரி ஊறினால் கூழாகிவிடும். டூரம் கோதுமையின் புரதம் கட்டிப் பிடித்து நிற்கும்.

இனி வேகவைக்கிற கதை. இந்தப் பலகாரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பாஸ்தா என்றாலே ‘அல் தெந்தே’, அதாவது நடுவில் ஒரு சின்னக் கடி மிச்சமிருக்கும்போதே இறக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். சூடாகச் சாப்பிடுகிற பாஸ்தாவுக்கு அது சரி. ஃப்ரிட்ஜுக்குள் போகிற பாஸ்தாவுக்கு அது பொருந்தாது. காரணம் மாவுச்சத்து. கொதிநீரில் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்பி மெதுவாகிறது. ஆறினதும் அதே மாவுச்சத்து மறுபடி நெருங்கி இறுகத் தொடங்குகிறது, உறிஞ்சிய நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளவும் செய்கிறது. இந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் ஃப்ரிட்ஜ் இருக்கிற 4 டிகிரி பக்கம்தான் ரொம்ப வேகமாக நடக்கும். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்துக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். சோற்றைச் சூடாக்கினால் மறுபடி மெதுவாகிவிடும். நம்முடைய இந்த இனிப்பைச் சூடாக்க முடியாதே! அதனால் முன்கூட்டியே, அடுப்பில் இருக்கும்போதே, அந்த இறுக்கத்துக்கும் சேர்த்து வேகவைத்துவிட வேண்டும்.

எவ்வளவு கூடுதலாக? டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று நிமிடம் என்பது ஒரு கணக்கு. என்னைக் கேட்டால் கடிகாரத்தை நம்ப வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா நேரம் முடிந்ததும் நாலைந்து ஓர்சோவைக் கரண்டியில் அள்ளி அதில் போட்டு, நன்றாகக் குளிர்ந்தபின் கடித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது கடித்தால் எல்லாம் வெந்த மாதிரிதான் தெரியும். ஐஸில் விழுந்ததைக் கடித்தால் உண்மை வெளிவரும். பாதியாகக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதா என்றும் பாருங்கள். அது மறைந்தபின் இன்னும் ஒரு நிமிடம் விடலாம். ஓரம் பிசிறடித்து, தண்ணீர் கஞ்சியாகத் தடிக்க ஆரம்பிப்பதற்கு முன் இறக்கிவிட வேண்டும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர் என்பது இத்தாலியர் வழக்கம். 200 கிராமுக்கு 2 லிட்டர் வைத்தேன். இனிப்புக்குத்தானே என்று உப்பைத் தவிர்க்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி உப்பு போதும். உப்பே இல்லாமல் வெந்த பாஸ்தா எத்தனை சர்க்கரை கொட்டினாலும் மாவு வாசனை அடிக்கும். தண்ணீரில் சர்க்கரை போட்டு வேகவைத்தால் பாஸ்தாவுக்குள் இனிப்பு இறங்குமே என்று ஒரு யோசனை வரும். அதில் முக்கால்வாசி வடிநீரோடு கழுவுதொட்டிக்குத்தான் போகும். அந்தச் சர்க்கரையைப் பாலில் போடுங்கள், சொல்கிறேன்.

வடித்ததும் கழுவ வேண்டும். சூடான சாஸ் ஊற்றுகிறவர்கள் கழுவக்கூடாது என்பார்கள். மேலே படிந்திருக்கும் மாவுப் பசைதான் சாஸைப் பிடித்துவைக்கும் என்பதால் அவர்களுக்கு அது வேண்டும். நமக்கு அந்தப் பசை இருந்தால் ஓர்சோ ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆனால் இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் வருவது வெதுவெதுப்பான தண்ணீர். அதில் எவ்வளவு அலசினாலும் பசை போகுமே தவிர சூடு முழுதாக இறங்காது, உள்ளே வேகல் தொடரும். குழாயில் ஒருமுறை அலசிவிட்டு, அப்புறம் ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தேன். விரலை விட்டால் சில்லிட வேண்டும்.

பிறகு வடிகட்டியில் போட்டு, அவ்வப்போது குலுக்கிவிட்டு, பத்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். ஓர்சோவின் இடுக்குகளில் நிற்கிற நீர் பார்க்கத் தெரியாது. கடைசியில் ஒரு சுத்தமான துணியில் பரப்பி ஒற்றியபோது துணி நன்றாகவே நனைந்தது. அந்த ஈரமெல்லாம் தயிருக்குள் போயிருக்கும்.

இப்போது பால். கால் லிட்டர் பாலில் வாசனைக்குப் பாண்டான் இலை இரண்டை முடிச்சுப் போட்டு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடிவைத்து ஆறவிட்டேன். லிட்டில் இந்தியாவின் தேக்கா ஈரச்சந்தையில் காய்கறி வாங்கும்போது ஒரு கட்டு பாண்டான் வாங்கிக்கொள்ளலாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதைத் தொட்டியில் வளர்க்கிற அண்டைவீட்டார் இருந்தால் அதுவும் வேண்டாம், கேட்டால் கொடுப்பார்கள். ஆறின பாலில் முக்கால் பங்கை, உலர்ந்த ஓர்சோவில் ஊற்றிப் பிசறி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். திறந்து பார்த்தால் கிண்ணத்தின் அடியில் பால் ஏறக்குறைய இல்லை. எல்லாவற்றையும் ஓர்சோ குடித்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றும் பளபளவென்று தனித்தனியாக, லேசான பச்சை வாசனையோடு இருந்தது.

இந்தப் பால் யோசனை எங்கிருந்து வந்தது என்றால், தயிர் சோற்றிலிருந்துதான். கல்யாண வீட்டுப் பகாளாபாத்தோ பயணத்துக்குக் கட்டுகிற தயிர்சாதமோ, கைதேர்ந்தவர்கள் முதலில் சோற்றைப் பாலில்தான் பிசைவார்கள். தயிரை அப்புறம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். முழுக்கத் தயிரிலேயே பிசைந்தால் மதியத்துக்குள் புளித்து, இறுகி, அள்ள முடியாமல் போகும். தயிர் சேமியாவுக்கும் இதே முறைதான். அதில் திராட்சையும் மாதுளையும் போடுகிற வழக்கமும் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, பழம் போட்ட தயிர்ப் பாஸ்தாவில் நமக்குப் புதிது என்று சொல்ல இனிப்பு ஒன்றுதான்.

தயிருக்கு வருவோம். கிரீக் தயிர் வாங்கினால் வேலை பாதி குறையும். நான் வீட்டில் உறைய வைத்த தயிரை எடுத்தேன், அதனால் வடிகட்ட வேண்டியிருந்தது. 1 கிலோ தயிரை நான்கு மடிப்பு வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டேன். ஊரில் குழாயில் கட்டித் தொங்கவிடுவது போல இங்கே சமையலறையில் தொங்கவிட்டால், 30 டிகிரி வெயிலுக்குத் தயிர் வடிகிற வேகத்தைவிடப் புளிக்கிற வேகம் அதிகமாக இருக்கும். ராத்திரி முழுக்க வடிந்ததில் தயிர் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. கீழே இறங்கிய மஞ்சள்பச்சை நீரைக் கொட்ட மனசு வரவில்லை. சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்ல நீர் கிடையாது.

வடிகட்டிய தயிரை இனிப்பாக்குவதில் ஒரு நுணுக்கம். சர்க்கரையைப் போட்டுக் கலக்கக் கலக்கத் தயிர் இளகும். சர்க்கரை கரைந்து தயிரில் இருக்கிற நீரோடு சேர்ந்து பாகாகிவிடும், கரண்டி போட்டு அடிப்பதில் தயிரின் கட்டும் உடையும். கண்டென்ஸ்டு மில்க் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. தயிரின் புளிப்பு பட்டதும் அதிலிருக்கும் பால் புரதம் திரண்டு, கலவை தளராமல் கொஞ்சம் தடிக்கவே செய்யும். டின்னில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினேன். அத்தோடு ஏலக்காய் நான்கைந்து, தோல் உரித்து அப்போதே பொடித்தது. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. விஸ்க் கொண்டு அடிக்காமல், அகலக் கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலந்தால் போதும். குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போட்டும் பார்க்கலாம். ருசி அருமை, ஆனால் நிறம் பழுப்பாகி மாம்பழத்தின் மஞ்சளை அடித்துவிடும். அதைப் பாகாகக் காய்ச்சித் தனியே வைத்து, வேண்டுபவர் மேலே ஊற்றிக்கொள்வது நல்லது.

பழங்களில்தான் ரகளை.

அன்னாசி இல்லாமல் சிங்கப்பூரில் பழக்கலவையா என்று தோன்றும். யீஷூன் என்ற பெயரே லிம் நீ சூன் என்பவரிடமிருந்து வந்தது. ரப்பரும் அன்னாசியுமாகப் பணம் பண்ணி ‘அன்னாசி ராஜா’ என்று பெயர் வாங்கினவர் அவர். அந்தப் பேட்டைக்குப் போகிற பலகாரத்தில் அன்னாசி போடாமல் இருப்பது முறையில்லை. ஆனால் பச்சையான, அதாவது வேகவைக்காத அன்னாசியில் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை அறுத்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. நிறைய அன்னாசி சாப்பிட்டால் நாக்கு எரிவதற்கும் அதற்கும் தொடர்புண்டு, இறைச்சியை மெதுவாக்க அன்னாசிச் சாறு தடவுவதும் அதனால்தான். தயிர் என்பதே பால் புரதம் கட்டிய வலை. அந்த வலைக்குள் புரோமெலின் புகுந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரண்டு சின்னக் கிண்ணங்களில் தயிர் எடுத்தேன். ஒன்றில் பச்சை அன்னாசித் துண்டுகள். இன்னொன்றில் அதே பழத்தின் துண்டுகளைச் சர்க்கரை தூவி வாணலியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தவை.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதே முதல் கிண்ணத்தில் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கலங்கலாக ஒரு நீர் வளையம் கட்டியிருந்தது. கரண்டியை நுழைத்தால் தயிர் பிளவுபட்டு நிற்காமல் வழிந்து மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் அது தயிராகவே இல்லை, திரிந்த பால் மாதிரி மேலே நீர், கீழே மணல்மணலாக ஏதோ. நாக்கில் வைத்ததும் முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டையில் பாகற்காய்க் கசப்பு. புரதம் துண்டு துண்டாக உடையும்போது பிறக்கிற கசப்பு அது, சர்க்கரை போட்டு மறைக்க முடியாது. இரண்டாவது கிண்ணம் வைத்தது வைத்தபடி இருந்தது. துண்டைச் சுற்றித் தயிர் கொஞ்சம் மஞ்சளேறியிருந்தது, அவ்வளவுதான். கொதிக்கிற சூட்டில் அந்த நொதி செத்துவிடுகிறது. டின் அன்னாசியும் சூடுபடுத்தி அடைத்தது என்பதால்தான் அமெரிக்கர்களின் தவளைக்கண்ணும் பிலிப்பினோக்களின் மக்கரோனியும் கசக்காமல் பிழைத்துக்கொள்கின்றன.

பப்பாளிக்கும் கிவிக்கும் இதே குணம் உண்டு. முதலாவதில் பப்பாயின், இரண்டாவதில் ஆக்டினிடின். பப்பாளியைக் கொதிக்கவைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஆர்வமில்லை, எனவே அதை விட்டுவிட்டேன். கிவி வேண்டுமென்றால் பரிமாறுகிற நேரத்தில் மேலே இரண்டு வில்லை வைத்து உடனே சாப்பிட்டுவிடலாம்.

மாம்பழம் எந்த வம்பும் செய்யாது. ஜூனில் தேக்கா பக்கம் பங்கனப்பள்ளி இருக்கும். அது முடிந்துபோனாலும் தாய்லாந்துத் தேன் மாம்பழம் ஆண்டு முழுக்க எங்காவது இருக்கும். நார் குறைவு என்பதால் இந்த வேலைக்கு எனக்குத் தாய்லாந்துப் பழமே பிடித்தது. ரொம்பக் கனிந்ததை வாங்க வேண்டாம். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், விரல் உள்ளே போகக்கூடாது. ஓர்சோவோடு சேர்கிற மாதிரி சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கினேன்.

விதையில்லாத கறுப்புத் திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறினேன். அழகுக்காக இல்லை. வருகிற கூட்டத்தில் மூன்று வயசு வாண்டுகளும் உண்டு, முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாதுளை முத்துகள் கடைசியில் தூவ. லைச்சி டின்னிலிருந்து, நன்றாக வடித்துவிட்டு. சிவப்பு டிராகன் பழத்தைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்துவிட்டேன். ஒரு துண்டு போதும், கிண்ணம் முழுக்க பீட்ரூட் பச்சடி நிறமாகிவிடும். வெள்ளை டிராகன் பழம் நிறம் விடாது, சுவையும் விடாது. வாழைப்பழம் கறுத்துவிடும், ஆப்பிளும் அப்படித்தான்.

நறுக்கிய பழம் எல்லாவற்றையும் சல்லடையில் போட்டு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாறு இறங்கும், இறங்கட்டும். பழத்தின் மேல் மட்டும் சர்க்கரை தூவக்கூடாது, தூவினால் உள்ளிருக்கும் நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும். அன்னாசி ஏற்கெனவே சர்க்கரையில் வெந்து நீர் விட்டாயிற்று, அதற்குப் பயமில்லை. அடியில் தேங்கிய சாறு சமையல்காரனுக்குச் சொந்தம்.

கலப்பது இரண்டு தவணையில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் ஓர்சோவில் முதல் நாள் ராத்திரி பாதித் தயிரை மட்டும் கலந்து மூடிவைத்தேன். காலையில் பார்த்தால் அது இறுகி, கரண்டி குத்திட்டு நிற்கிற பதத்தில் இருக்கும். பதற வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். ஒதுக்கிவைத்த கால் பங்குப் பாண்டான் பாலை ஊற்றித் தளர்த்தி, மீதித் தயிரையும் பழத்தையும் கிளம்புவதற்கு முன் சேர்த்தேன். ஒரே தவணையில் எல்லாவற்றையும் முதல் நாளே கலந்தால் பாஸ்தா தயிரின் ஈரத்தைக் குடிக்கும், பழம் நீர் விடும். கட்டியும் தண்ணியுமாக ஒரே கிண்ணத்தில் இரண்டு கெடுதலையும் பார்க்கலாம்.

200 கிராம் ஓர்சோ வெந்தபின் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதற்கு அரைக் கிலோ வடித்த தயிர், 600 கிராம் பழம். பத்துப் பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் தாராளமாகக் காணும். பழத்தைக் கூட்டினாலும் தப்பில்லை. ஓர்சோவைக் கூட்டினால் பலகாரம் மதியச் சாப்பாடாகிவிடும்.

யீஷூனுக்கு எம்ஆர்டி ரயிலில் போனேன். ரயிலுக்குள் சாப்பிட்டால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஆனால் மூடிய டப்பாவைத் தூக்கிப் போக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உறைய வைத்த ஜெல் பைகள் இரண்டு, ஒன்று டப்பாவுக்குக் கீழே, ஒன்று மேலே, எல்லாம் வெப்பம் புகாத பைக்குள். மேலே வைப்பதுதான் முக்கியம், குளிர் கீழேதான் இறங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் மளமளவென்று பெருகும். பால், மாவு, வெட்டிய பழம் மூன்றும் கூடியிருக்கிற பண்டத்தை நம் ஊர் வெக்கையில் மேசைமேல் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசக்கூடாது. அத்தை வீட்டில் நுழைந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து, இட்லி மாவுப் பாத்திரத்தை நகர்த்தி இடம் பிடித்தேன்.

பரிமாறும்போது அத்தை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “ஏன்டா, பார்க்க தயிர்சாதம் மாதிரி இருக்கு, வாயில போட்டா பாயசம் மாதிரி இருக்கு. எதுன்னு நினைச்சுச் சாப்பிடறது?” என்று கேட்டார்.

“நீங்க எது வேணும்னு நினைச்சுக்கிட்டாலும் சரி அத்தை, காலியானா போதும்” என்றேன்.

பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. கடைசிப் பையன் மட்டும் மாதுளை முத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டினான். பெரியவர்களில் இரண்டு பேர் இனிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார்கள். எனக்கு அந்த அளவே சரியாகப் பட்டது. குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும் என்பதால், அறைச் சூட்டில் ருசி பார்த்து அளவை முடிவு செய்யாமல், ஒரு கரண்டியைக் குளிரவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டு இனிப்புப் பிரியர்களுக்காக அடுத்த தடவை குலா மலாக்கா பாகைத் தனிக் குப்பியில் கொண்டுபோவதாக இருக்கிறேன். பாண்டானுக்குப் பதில் குங்குமப்பூ போட்டால் வடித்த தயிரில் செய்கிற ஸ்ரீகண்ட் பக்கம் சாய்ந்துவிடும், அதுவும் மோசமில்லை.

மிஞ்சியது மறுநாளும் நன்றாக இருந்தது. ஒரு கை பால் விட்டுத் தளர்த்த வேண்டியிருந்தது. அதற்கு மேல் வைத்தால் மாம்பழம் குழைந்து தயிரோடு கரையும். ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், உருகும்போது தயிர் திரிந்து நீர் தனியாகப் பிரிந்துவிடும். விடுமுறையில் அடிக்கடி வேண்டுமென்றால் ஓர்சோவை வேகவைத்து, பாலில் பிசறி, தயிரில்லாமல் டப்பாவில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நாள் தாங்கும். கேட்கிறபோது கேட்கிற அளவுக்குத் தயிரும் பழமும் சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. அத்தை வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. பாலில் சர்க்கரையை மட்டும் நிறுத்திவிட்டார். பாதி ஓர்சோ பிள்ளைகளுக்குக் கண்டென்ஸ்டு மில்க்கும் மாம்பழமுமாகப் போகிறது, மீதிப் பாதிக்கு அவர் கடுகும் இஞ்சியும் பச்சைமிளகாயும் தாளித்துக்கொள்கிறார்.